கறையா, வடுவா? – ஒரு பரிசோதனை அட்டையிலிருந்து சில சொற்குறிப்புகள்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் மகளுக்கு ஒன்பது வயசு. எப்பவும் நான் வண்டியை நிறுத்துறதுக்குள்ள "சித்தப்பா"ன்னு ஓடி வருவாள். அன்னைக்கு வரலை. பின்பக்கம் தண்ணித்தொட்டிக்கிட்ட உட்கார்ந்து, அடுப்புக்கரியையும் உப்பையும் நுணுக்கி வெச்சுக்கிட்டு, பல்லைத் தேய்ச்சுக்கிட்டிருந்தாள். துப்பின தண்ணியில ரத்தம். காலையில இருந்து இது மூணாவது தடவைன்னு அண்ணி சொன்னாங்க.

காரணம் ஒரு அட்டை. பள்ளிக்கூடத்துல நடந்த உடல் பரிசோதனையில கொடுத்தது. உயரம், எடை, கண் எல்லாம் சரி. "பல்" என்ற இடத்தில் கையால் எழுதியிருந்தது: "கறை உள்ளது. தினமும் இருமுறை நன்றாகத் துலக்கவும்."

எழுதினவர் கெட்ட எண்ணத்துல எழுதலை. வரிசையில நூறு பிள்ளைங்க நிக்கும்போது யாரும் சொல்லாராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்க முடியாது. ஆனாலும் அந்த ஒத்தைச் சொல்லைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. அந்த அட்டையில் நோய் தப்பு, மருந்து தப்பு. இரண்டுக்கும் காரணம் சொல் தப்பு என்று நினைக்கிறேன். என் பல்லும் அப்படித்தான் இருக்கும் என்பதையும் முதல்லயே சொல்லிடுறேன். பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் வாயை மூடிக்கிட்டு நிக்கிற பதினோரு பேரில் நானும் ஒருத்தன்.

கறை என்ற சொல்

1924-இலிருந்து 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் "கறை" என்று தேடினால் ஒரு சொல் இல்லை, ஒரே எழுத்துருவில் பல சொற்கள் இருக்கின்றன. அழுக்குப் புள்ளி, குற்றம், கறுப்பு, நஞ்சு, இரத்தம் – இது ஒரு குடும்பம். குடிகள் அரசுக்குக் கட்டும் வரிக்கும் "கறை" என்று பெயர் உண்டு. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் வரும் வரிநீக்கச் செய்தியில் இந்தக் கறைதான் இருக்கிறது. உரலுக்கும் கறை என்று பெயர். யானையைக் "கறையடி" என்று பழைய நூல்கள் சொல்வது, அதன் கால் அழுக்கு என்பதால் அல்ல, உரல் மாதிரி இருப்பதால். முதன்முறை படிக்கிறவர்கள் வழுக்கி விழுகிற இடம் இது.

நமக்கு வேண்டியது முதல் குடும்பம். அதன் வேர் "கறு". கறுத்தல், கறுப்பு, கறை மூன்றும் ஒரே அடியிலிருந்து வருபவை. தொல்காப்பிய உரியியல் கறுப்பு, சிவப்பு இரண்டுக்கும் கோபம் என்ற பொருளும் உண்டு என்கிறது. முகம் கறுப்பதும் சிவப்பதும் நமக்குத் தெரிந்ததுதானே. மலையாளத்தில் கற, கன்னடத்தில் கறெ என்று பக்கத்து மொழிகளிலும் இதே சொல் இதே பொருளில் இருக்கிறது. எங்க பக்கம் ஒரே தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசுவாங்க. சில சொல்லுக்கு அகராதியே தேவைப்படாது. பக்கத்து வீட்டுத் திண்ணையிலேயே கிடைச்சிடும்.

ஆக, பிறப்பில் இந்தச் சொல்லுக்கு ஒட்டுவது, பற்றுவது என்ற பொருள் இல்லை. வெறும் கருமை. திட்டும் இல்லை. கறைமிடற்றான் என்று சிவனைச் சொல்லும்போது அது இழிவா என்ன? உலகத்துக்காக நஞ்சை விழுங்கினதன் அடையாளம். அந்தக் கறைதான் பெருமை.

ஆனால் ஒரு சொல்லின் வேர் வேறு, இன்றைய வேலை வேறு. வேரைக் கண்டுபிடித்துவிட்டால் பொருளைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பது சொல்லாராய்ச்சிக் கட்டுரைகளில் அடிக்கடி காணும் தப்பு. நானும் பண்ணியிருக்கேன். இன்றைக்கு நாம் கறை என்று எதையெல்லாம் சொல்கிறோம்? வாழைக்கறை, வெற்றிலைக் கறை, புளிக்கறை, டீக்கறை, இரத்தக்கறை. மாங்காய் பறிக்கிற காலத்தில் எங்க ஊர்ல எல்லார் சட்டையிலும் பால்கறை இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக மூன்று விஷயம் உண்டு.

ஒன்று, பொருள் முதலில் சுத்தமாக இருந்தது. இரண்டு, வெளியிலிருந்து ஒன்று வந்து ஒட்டியது. மூன்று, முயற்சி செய்தால் போகும். போகலைன்னா முயற்சி போதலை. வாழைக்கறை போகாது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் "ஏன் பழைய சட்டையைப் போட்டுக்கிட்டுப் போகலை?"ன்னு கேட்பாங்க. கறையில் எப்போதும் சட்டைக்காரன் மேல் கொஞ்சம் பழி உண்டு. "கறைபடியாத கை" என்று அரசியல் மேடையில் சொல்வதும் இதனால்தான்: ஜாக்கிரதையாக இருந்தால் படாமல் தப்பிக்கலாம் என்பது அந்தத் தொடருக்குள் மறைந்திருக்கும் கருத்து. (கட்சிக்காரர் கட்டுவது "கரை" வேட்டி, இடையினம். "கறை வேட்டி" என்று எழுதுபவர்கள் தெரிந்து எழுதுகிறார்களா, தெரியாமலா என்பது வேறு கேள்வி.)

இப்போது அட்டைக்கு வருவோம். "கறை உள்ளது" என்று எழுதியவுடன் "நன்றாகத் துலக்கவும்" என்பது தானாகவே வந்துவிடுகிறது. யோசித்து எழுத வேண்டியதே இல்லை. முதல் வாக்கியத்தின் சொல்லுக்குள்ளேயே இரண்டாவது வாக்கியம் உட்கார்ந்திருக்கிறது.

சித்தியின் பல்

எங்க சித்தி சேலம் பக்கத்திலிருந்து இருபது வயசுல கல்யாணமாகி எங்க ஊருக்கு வந்தவங்க. முப்பது வருஷத்துக்கு மேல எங்க போர் தண்ணியைத்தான் குடிச்சாங்க. அவங்க பல்லு இன்னைக்கும் அரிசி மாதிரி வெள்ளையா இருக்கும். அவங்க பெத்த மூணு பிள்ளைங்களுக்கும் பழுப்புக் கோடு. ஒரே வீடு, ஒரே தண்ணி, ஒரே பல்பொடி. சின்ன வயசுல எனக்கு இது பெரிய புதிராக இருந்தது. "அவ ஊர் மண்ணு அப்படி, நம்ம பிள்ளைங்களுக்குச் சோம்பேறித்தனம்"ன்னு ஆயா முடிவு சொல்லிடும்.

இந்தப் புதிரை அமெரிக்காவில் ஒரு பல் மருத்துவர் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே பார்த்துவிட்டார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1901-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு மருத்துவம் பார்க்க வந்த பிரெடரிக் மெக்கே, அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்பு நிறத்தைக் கண்டார். வளர்ந்த பிறகு வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு அது இல்லை. ஊர்க்காரர்கள் சொன்ன காரணங்கள்: பன்றிக்கறி அதிகம் தின்பது, மட்டமான பால், தண்ணியில் சுண்ணாம்பு. அவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் "கொலராடோ பழுப்புக் கறை". அங்கேயும் கறைதான். பெயர் கறையாக இருந்தவரை, பல்லின் மேல் எது பட்டது, வாய்க்குள் எது போனது என்றுதான் பேச்சு சுற்றியிருக்கிறது.

மெக்கே, ஜி. வி. பிளாக் என்ற மூத்த பல்லியல் அறிஞரோடு சேர்ந்து, கோளாறு பல்லின் மேற்பரப்பில் பட்ட அழுக்கு இல்லை, பல் உருவாகும்போதே எனாமலில் நேர்ந்தது என்று காட்டினார். பெயரும் "புள்ளி விழுந்த எனாமல்" என்று மாறியது. 1920-களில் இதாஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூரில், புதுக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளுக்கு இப்படி ஆகிறது என்று அம்மாமார்கள் சொன்னார்கள். அந்தக் குழாயை விட்டுவிட்டு வேறு ஊற்றுக்கு மாறியதும் அடுத்து முளைத்த பற்கள் நன்றாக வந்தன. தண்ணியில் இருப்பது ஃப்ளோரைடு என்று 1931-இல் எச். வி. சர்ச்சில் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தார். நம் பக்கத்தில், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில், பல்லோடு நிற்காமல் எலும்பையும் முடக்கும் ஃப்ளோரைடு பாதிப்பை ஷார்ட் முதலான மருத்துவர்கள் 1937-இல் எழுதி வெளியிட்டார்கள்.

வழி இதுதான். எங்க மாவட்டத்தின் அடிப்பாறை பழமையான கடினப்பாறை. அதிலுள்ள சில கனிமங்களில் ஃப்ளோரைடு இருக்கிறது. பாறை இடுக்கில் நீண்ட நாள் கிடக்கும் தண்ணியில் அது கரைகிறது. மழை குறைவு, கிணறு வற்ற வற்ற போர் ஆழமாகப் போனது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணியைக் குழந்தை குடிக்கும்போது, ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமல் சரியாக இறுகாமல், நுண்துளைகளோடு நின்றுவிடுகிறது. இது நடப்பது ஏறக்குறைய முதல் எட்டு வருஷத்துக்குள். எனாமல் உருவாகி முடிந்த பல்லை அதே தண்ணி இந்த மாதிரி ஒன்றும் செய்யாது. சித்தியின் பல்லு வெள்ளையாக இருந்தது இதனால்தான். சேலத்து மண்ணும் காரணமில்லை, எங்கள் சோம்பேறித்தனமும் காரணமில்லை.

இன்னொன்று. முன்பல்லின் எனாமல் உருவாவது கைக்குழந்தைப் பருவத்தில். அது முளைப்பது ஆறேழு வயசில். ரெண்டு வயசுல குடிச்ச தண்ணியோட கணக்கு ஏழு வயசுலதான் வாயில தெரியுது. அந்த வயசில்தான் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, தானே பல் துலக்க ஆரம்பித்திருக்கிறது. பழி போட எவ்வளவு வசதியான நேரம் பாருங்கள்.

என் அண்ணன் குடும்பம் இருப்பது ஊரை விட்டுத் தள்ளி, காட்டுக் கொட்டாயில். (எங்க பக்கம் நிலத்துல வீடு கட்டிக் குடியிருந்தா அது கொட்டாய், அப்பன் பாட்டன் பேரில் எத்தனையோ கொட்டாய்கள் உண்டு.) அங்கே சொந்த போர் தண்ணிதான் எல்லாத்துக்கும். காய்ச்சித்தான் குடிச்சாங்க. காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது; தண்ணி ஆவியாகி வற்றுகிற அளவுக்கு மீதியில் அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

வடு: தகடூர்க்காரர்களுக்குத் தெரிந்த சொல்

கறை இல்லை என்றால் இது என்ன? தமிழில் உடம்பு அடையாளங்களுக்குச் சொல் பஞ்சமே இல்லை. ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது: இது எப்படி வந்தது?

கூடவே பிறந்தது "மறு". நிலாவில் இருப்பது மறு. திருமாலின் மார்பில் இருப்பது திருமறு, அது மங்கலம். உயர்குடிப் பிறந்தவரிடம் குற்றம் இருந்தால் நிலாவின் மறுபோல உயரத்தில் எல்லார் கண்ணிலும் படும் என்று 957-ஆம் குறள் சொல்கிறது. இன்றைய பேச்சில் இந்த இடத்தை "மச்சம்" பிடித்துக்கொண்டது. "மச்சக்காரன்யா" என்றால் பொறாமை கலந்த பாராட்டு. ஆக, கூடப் பிறந்த அடையாளத்துக்கு நம் மொழி பழி போடுவதில்லை. அதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்கிறது.

பட்ட காயம் ஆறின பின் நிற்பது "வடு", "தழும்பு". வடு என்ற சொல்லுக்கும் அகராதியில் பெரிய பட்டியல் உண்டு: தழும்பு, குற்றம், பழி, ஆற்றுக் கருமணல், பிஞ்சு மாங்காய். மாவடு ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளும்போது யாருக்கும் தழும்பு ஞாபகம் வருவதில்லை, நல்லவேளை. குறளில் வடு பெரும்பாலும் குற்றம், பழி என்ற பொருளிலேயே வருகிறது. ஆனால் 129-ஆம் குறளில் வள்ளுவர் ஒரு நுணுக்கம் செய்கிறார். நெருப்பு சுட்டதைப் "புண்" என்கிறார், நாக்கு சுட்டதை "வடு" என்கிறார். முதலாவது உள்ளே ஆறிவிடுவது, இரண்டாவது ஆறாமல் கிடப்பது, அதனால்தான் இரு சொல் என்று பரிமேலழகர் விளக்குகிறார். எனக்குத் தோன்றுவது இதுவும்: வடு என்று சொன்னால், சுட்ட ஒன்று வெளியே இருக்கிறது என்பது உறுதி. தானாக யாருக்கும் வடு வராது.

இதை எங்க ஊர்க்காரன் என்ற உரிமையில் இன்னொரு படி கொண்டுபோகிறேன். தருமபுரிதான் பழைய தகடூர், அதியமான் ஊர். போரில் புண்பட்டு நின்ற அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 93-ஆவது. அந்தக் காலத்தில் நோயில் செத்த அரசனைத் தருப்பைப் புல்லில் கிடத்தி வாளால் கீறி அடக்கம் செய்வார்களாம், போரில் பட்ட காயம் இல்லாமல் போனால் வீரசுவர்க்கம் கிடைக்காது என்று. உடம்பில் அடையாளம் இல்லாததே குறை! அதே புறநானூற்றில், முதுகில் புண்பட்டதற்கு வெட்கப்பட்டு வடக்கிருந்து உயிர்விட்ட சேரமான் பெருஞ்சேரலாதனும் வருகிறான். ஒரே உடம்பு, ஒரே ஆயுதம். நெஞ்சில் பட்டால் புகழ், முதுகில் பட்டால் சாவு வரைக்கும் போகிற வெட்கம். காயத்துக்குப் பொருள் சொல்வது தோல் இல்லை, பார்க்கிறவர்கள்.

இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் எங்கள் பல்லில் இருப்பது வடு. வெளியிலிருந்து ஒன்று தாக்கியது. உருவாகும் காலத்தில் தாக்கியது. அது போன பிறகும் தடம் நிற்கிறது. பல் மருத்துவர் பல்லில் உள்ள கோடுகளைப் பார்த்து, எந்த வயசில் பாதிப்பு அதிகம் என்று ஏறக்குறையச் சொல்ல முடியும். கறைக்குத் தேதி கிடையாது. வடுவுக்குத் தேதி உண்டு.

ஒரு மறுப்பு, அதற்கு என் பதில்

இதை எழுதிவிட்டு, பல் மருத்துவரான நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். அவர் உடனே பிடித்துக்கொண்டார். "நீ சொல்றது பாதிதான். பல்லு முளைக்கும்போது பெரும்பாலும் வெள்ளைத் திட்டாத்தான் இருக்கும், சுண்ணாம்பு மாதிரி. பழுப்பு நிறம் அப்புறம் ஏறுறது. எனாமல்ல துளை இருக்கிறதால வெளியில இருந்து நிறம் உள்ள இறங்குது. அப்போ பழுப்பு கறைதானே?"

நியாயமான மறுப்பு. மூன்று நாள் யோசித்தேன். அவர் சொல்வது சரி. பழுப்பு ஒரு கறைதான். ஆனால் அது பிடித்திருப்பது வடுவின் மேல். தேய்த்தால் போகாததற்குக் காரணம் அதுதான்: நிறம் மேற்பரப்பில் இல்லை, துளைக்குள் இருக்கிறது. கரியும் உப்பும் செங்கல்தூளும் போட்டுத் தேய்த்தால், ஏற்கெனவே வலுக்குறைந்த எனாமல்தான் இன்னும் தேயும், ஈறும் கிழியும். மேலடுக்கை மெல்ல இழைத்தெடுப்பது, வெளுப்பது, மேலே பூசி மூடுவது என்று மருத்துவ வழிகள் இருக்கின்றன. அவை எல்லாம் மருத்துவர் கையில் செய்ய வேண்டியவை. அட்டையில் "துலக்கவும்" என்பதற்குப் பதில் "தண்ணியைப் பரிசோதிக்கவும்" என்று இருந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் பல் வெறும் வெளி அறிவிப்பு. அதே தண்ணியை வருஷக்கணக்கில் குடித்தால் மூட்டும் முதுகும் இறுகிப்போகும் ஆபத்து பெரியவர்களுக்கும் உண்டு. ஒரு பிள்ளையின் பல்லில் கோடு தெரிந்தால், அந்த வீட்டில் இன்னும் ஒரு கைக்குழந்தை அதே தண்ணியைக் குடித்துக்கொண்டிருக்கலாம். கறை என்று படித்தால் கண் பிள்ளையின் பிரஷ் பக்கம் போகிறது. வடு என்று படித்தால் "எது சுட்டது?" என்று கேட்கத் தோன்றும், கண் போர் பக்கம் போகும்.

அரசுக்கு இது தெரியாததில்லை. 2008-இல் அடிக்கல் நாட்டி 2013-இல் தொடங்கிவைத்த ஒகேனக்கல் திட்டத்தின் முழுப் பெயரிலேயே கூட்டுக் குடிநீரோடு புளோரோசிஸ் தணிப்பும் சேர்ந்திருக்கிறது. ஜப்பான் கடனுதவியோடு, தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணியைக் கொண்டுவரப் போட்ட திட்டம். அந்தப் பெயரை வைத்தவர்கள் எது காரணம் என்று புரிந்து வைத்தவர்கள். ஆனால் திட்டத்தின் பெயரில் இருக்கும் அறிவு அட்டை எழுதும் பேனாவுக்கு வந்து சேரவில்லை. நடுவில் "கறை" என்ற பழகின சொல் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது.

களங்கமும் குத்துதலும்

இதுவரை சொன்னது பல்லின் மேல் இருக்கும் அடையாளம். பத்தாம் வகுப்பு போட்டோவில் பதினோரு வாயை மூடவைத்தது அது இல்லை, வேறொன்று. அதற்கு ஆங்கிலத்தில் ஸ்டிக்மா என்பார்கள். அந்தச் சொல்லின் கதை இங்கே உதவும்.

கிரேக்கத்தில் அதன் வேர்வினைக்குப் பொருள் "குத்து". ஊசியால் குத்தித் தோலில் போடும் அடையாளம்தான் ஸ்டிக்மா. ஓடிப்போய்ப் பிடிபட்ட அடிமையின் நெற்றியில் அப்படிக் குத்தினார்கள். பின்னால் கிறித்தவ மரபில் அதே சொல் இயேசுவின் காயங்களைக் குறிக்கும் புனிதச் சொல்லானது; பவுல் தன் உடம்பில் தாங்குவதாகச் சொல்லும் அடையாளத்தைத் தமிழ் வேதாகமம் "அச்சடையாளங்கள்" என்று பெயர்த்தது. தாவரவியலில் அதே சொல் பூவின் சூல்முடிக்குப் போனது. இங்கேயும் அந்த வழக்கம் இருந்திருக்கிறது. கம்பெனி ஆட்சியில் ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் பச்சை குத்தினார்கள்; 1849-இல்தான் அது ஒழிந்தது. எங்க ஆயா முழங்கை முழுக்கக் கோலம் மாதிரி பச்சை குத்தியிருக்கும். சந்தைக்கு வந்த குறத்தியிடம் கம்பும் ராகியும் கொடுத்துக் குத்திக்கொண்டது. அதற்கு அது நகை. அதே ஊசி, அதே பச்சை. யார் கேட்டு யார் குத்தினது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எர்விங் காஃப்மன் 1963-இல் இந்தத் தலைப்பிலேயே எழுதிய புத்தகத்தின் மையக் கருத்தும் இதுதான்: ஸ்டிக்மா என்பது ஒருவரிடம் இருக்கும் பண்பு அல்ல, ஆட்களுக்கு இடையில் இருக்கும் உறவு.

இதைத் தமிழில் நாம் பெரும்பாலும் "களங்கம்" என்று பெயர்க்கிறோம். இங்கேதான் எனக்கு ஒத்துப்போகலை. களங்கம் வடமொழிச் சொல், அதற்கும் நிலாவின் புள்ளி என்ற பொருள் உண்டு. ஆனால் இன்றைய தமிழில் அது முழுக்க ஒழுக்கச் சொல். "களங்கமில்லாதவர்" என்றால் குற்றம் செய்யாதவர். தொழுநோய், காசநோய், மனநோய் பற்றிய விழிப்புணர்வுப் பேச்சில் "களங்கத்தைப் போக்குவோம்" என்று சொல்லும்போது, எண்ணம் நல்லதாக இருந்தாலும், வாக்கியம் நோயாளியிடம் ஒரு களங்கம் இருப்பதாக ஒப்புக்கொண்டுவிடுகிறது. அங்கேயும் கறைக் கதைதான். துணி அவருடையது, நாம் சோப்பு எடுத்து வருகிறோம்.

நம் பேச்சுத்தமிழில் இதைவிட நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: "முத்திரை குத்துறது". "அவன அப்படியே முத்திரை குத்திட்டாங்க" என்று யாரும் சொல்லித்தராமலே சொல்கிறோம். கிரேக்க வேரில் இருக்கும் அதே குத்து. களங்கத்துக்கு எழுவாய் வேண்டாம். அது "இருக்கிறது", "ஏற்படுகிறது". குத்துவதற்கு ஒரு கை வேண்டும். "யார் குத்தினது?" என்று அடுத்த கேள்வியைக் கேட்க முடியும். ஆய்வுக் கட்டுரையில் போடுகிற அளவுக்கு இது கௌரவமான சொல்லா என்று சிலர் தயங்கலாம். "முத்திரை குத்தல்" என்று எழுதிப் பார்த்தேன், ஒன்றும் குறைந்துபோகவில்லை.

இப்போது என் பல்லுக்கு ரெண்டு சொல் கிடைத்துவிட்டது. பாறைத்தண்ணி போட்டது வடு. "பல்லு விளக்காத ஊர்க்காரன்" என்று ஹாஸ்டலில் வைத்த பெயரும், அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் "பையன் பாக்கு போடுவானா?" என்று கேட்டதும் முத்திரை குத்தல். முதலாவதுக்குப் பல் மருத்துவரும் நல்ல தண்ணியும் வேண்டும். இரண்டாவதை எந்தப் பல் மருத்துவரும் சரிசெய்ய முடியாது. ரெண்டையும் சேர்த்துக் கறை, களங்கம் என்று ஒரே மூட்டையில் கட்டினதால்தான் ரெண்டும் எங்கள் தலையில் விழுந்தது.

ஒரு சொல்லை மாற்றினால் தண்ணி மாறிவிடுமா என்று கேட்கலாம். மாறாது. ஆனால் எங்க வீட்டில் என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன். அன்னைக்கு ராத்திரி அண்ணன் மகளை உட்காரவெச்சு, சித்தியோட பல்லையும் என் பல்லையும் டார்ச் அடிச்சுக் காட்டினேன். "சித்தப்பா, அப்போ நீயும் நல்லாத்தான் விளக்குவியா?"ன்னு கேட்டாள். அவளுக்கு என் மேலயும் இத்தனை நாள் சந்தேகம் இருந்திருக்கு.

மறுநாள் அண்ணன் போர் தண்ணியை ஒரு பாட்டிலில் பிடிச்சுப் பரிசோதனைக்குக் கொடுத்தார். முடிவு வரும்வரை, ஊருக்குள்ள வர்ற குழாய்த் தண்ணியைக் குடிக்கிறதுக்கும் சமைக்கிறதுக்கும் ரெண்டு குடம் வண்டியில எடுத்துக்கிட்டு வர்றதுன்னு ஏற்பாடு. அண்ணிக்கு எட்டு மாசத்துல இன்னொரு குழந்தை இருக்கு. அவனுக்கு முன்பல்லு ஈறுக்குள்ள இப்போதான் உருவாகிக்கிட்டிருக்கு.

அட்டையைத் திருப்பி அனுப்பும்போது பெற்றோர் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதச் சொன்னேன். அண்ணன் எழுதினார்: "இது கறை அல்ல, தண்ணீரால் வந்த வடு. நன்றாகத் துலக்குகிறாள்."